சும்மா படம்தான்டா!

குகையின் இருட்டிலிருந்து அந்த இளைஞனைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1991-ல் வந்த ‘குணா’ படத்தின் பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் தியேட்டரே கைதட்டியது. எனக்கு இடப்பக்கம் அக்கா மகன், 11 வயது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி சிலையாய் உட்கார்ந்திருந்தவன் அப்போதுதான் மூச்சு விட்டான். வலப்பக்கம் அவன் தங்கை, 5 வயது. அதுவரை பாப்கார்னில் மும்முரமாக இருந்தவள், அதே நொடியில் வீறிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

“சித்தி, அந்த மூஞ்சி!”

நிமிர்ந்து பார்த்தேன். சேறும் ரத்தமும் அப்பி, கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும் முகம். பிழைத்து வந்தவனின் முகம்தான்.

படம் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’. சிதம்பரம் இயக்கி 2024 பிப்ரவரியில் வெளியான மலையாளப் படம். கொச்சிப் பக்கத்து மஞ்சும்மலிலிருந்து 2006-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகையின் பாறைப் பிளவுக்குள் விழுந்ததும், இன்னொரு நண்பரே உள்ளே இறங்கி அவரை மீட்டதும் உண்மையில் நடந்தவை. பேய் கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது, ஆபாசம் கிடையாது. பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம் என்று கணக்குப் போட்டது நான்தான். அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் எப்போதோ விடை கண்டு வைத்திருக்கிறார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் கேன்டர், திரையைப் பார்த்துப் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1980 வாக்கில் அங்கே ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடர் பிரபலம். சாதுவான விஞ்ஞானி ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிற ராட்சதனாக மாறி, ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவார். நல்லவர்தான். ஆனாலும் கேன்டரின் ஆய்வில் மழலை வயதுப் பிள்ளைகள் அவர் ராட்சதனாக மாறிய பிறகே அதிகம் பயந்தார்கள். 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் அவர் ஆபத்தில் சிக்கிய காட்சியில் பயந்து, ராட்சதன் வந்ததும் நிம்மதியானார்கள். ஒரே கதை, இரண்டு பயம்.

சின்னப் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரிவதுதான் உலகம். சுமார் ஏழு வயது வரைக்கும் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, அவர் பார்க்க எப்படி இருக்கிறார் என்பதே மனதை ஆள்கிறது. ஆழமான குழி, ஓடிக்கொண்டிருக்கும் நேரம், உதவி வருமா வராதா என்ற தவிப்பு இவையெல்லாம் நடக்கப்போவதை யோசிக்கத் தெரிந்தவர்களின் பயங்கள். வளர வளர, திரையில் தெரியாததுதான் அதிகம் பயமுறுத்துகிறது. 1983-ல் அணுகுண்டுப் போரைப் பற்றிய ‘தி டே ஆஃப்டர்’ என்ற படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, அதைப் பார்த்துக் குறைவாகக் கலங்கியவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளே என்று கேன்டர் குழு கண்டது. பெரியவர்களுக்குத்தான் தூக்கம் போனது.

அன்று தியேட்டரில் சின்னவளைத் தேற்ற, எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: “சும்மா படம்தான்டா. அது மேக்கப்.” அவள் அழுகை குறையவில்லை. அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சூனியக்காரி வேஷம் போட்ட சாதாரணப் பெண்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். பெரிய பிள்ளைகளின் பயம் குறைந்தது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சமாதானம் உதவவில்லை. இன்னொரு சோதனையில் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தின் பாம்புக்குழிக் காட்சிக்கு முன், பெரும்பாலான பாம்புகளுக்கு விஷமில்லை என்று விளக்கினார்கள். சின்னப் பிள்ளைகளின் பயம் கூடத்தான் செய்தது. ‘விஷம்’ என்ற சொல் நுழைந்த இடத்தில் ‘பெரும்பாலான’, ‘இல்லை’ இரண்டும் நிற்கவில்லை.

அந்த வயதுக்குப் பேச்சைவிடத் தொடுகைதான் மருந்து. மடி, போர்வை, ஒரு வாய் தண்ணீர், கொஞ்சம் வெளிச்சம். சின்னவளை லாபிக்குத் தூக்கிப்போனேன். மீன் தொட்டியைப் பார்த்தாள், ஐஸ்கிரீம் கேட்டாள். அன்றிரவு விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோனது.

மறக்காதவன் அவள் அண்ணன்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டான்: “சித்தி, இது நிஜமா நடந்ததுதானே?” ஆமாம் என்றேன். ‘சும்மா படம்தான்’ என்ற வாக்கியம் அங்கேயே செத்துப்போனது. தங்கைக்கு அது புரியாத சமாதானம். அவனுக்கு அது பொய். உயிர் பிழைக்கும் கதைகளில் வழக்கமாக வரும் சிக்கல் இது. ‘உண்மைச் சம்பவம்’ என்று போஸ்டரில் போடுவது பெரியவர்களுக்கு ஈர்ப்பு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கோ, நாளைக்கு எனக்கும் நடக்கலாம் என்ற அறிவிப்பு.

அவனுக்கு இன்னொரு நினைவும் இருந்தது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நாட்களில் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. நான்கு நாள் போராடியும் குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. அப்போது இவனுக்கு ஆறு வயது. பின்னணியில் டிவி ஓட, கம்பி மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை என்றே நாங்கள் நினைத்தோம். திரையில் குழி வந்ததும் அந்தக் குழிதான் அவனுக்குள் திறந்திருக்கிறது.

இப்படித் தங்கும் பயம் அபூர்வமல்ல. 1999-ல் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சுமார் 150 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் திரையில் பார்த்த ஏதோ ஒன்று நெடுநாள் தங்களைத் துரத்தியதாகச் சொன்னார்கள். நாலில் ஒருவருக்கு அந்தக் கலக்கம் அப்போதும் மிச்சமிருந்தது. சுறாப் படமான ‘ஜாஸ்’ பார்த்துவிட்டு, சுறாவே வர முடியாத ஏரியிலும் நீச்சல்குளத்திலும் இறங்கத் தயங்குபவர்களைப் பற்றிக் கேன்டர் எழுதியிருக்கிறார். மூளையின் அமிக்டலா ஆபத்தைச் சட்டென்று பதிய வைத்துக்கொள்ளும்; அந்தப் பதிவை அழிப்பது கடினம். அறிவு தெளிந்த பிறகும் உடம்பு நம்புவதில்லை.

அப்படியானால் இத்தகைய படங்களே வேண்டாமா? பெரியவனை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு நேரம் இறுகிக் கிடந்தவன் கடைசியில் விட்ட மூச்சில் பெரிய மகிழ்ச்சி இருந்தது. உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் இதற்கு விளக்கம் தந்தார்: ஆபத்து விலகினாலும் நெஞ்சின் படபடப்பு உடனே அடங்காது, அதே படபடப்பு அடுத்து வரும் சந்தோஷத்தைப் பன்மடங்காக்குகிறது. இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் வந்து சேரும்வரை பிள்ளை தாக்குப்பிடிக்க வேண்டும். பாதியில் இழுத்துக்கொண்டு வெளியேறினால், வீட்டுக்கு வருவது குழி மட்டும்தான். வெளியேறித்தான் ஆக வேண்டுமென்றால் மீதிக் கதையைச் சொல்லி முடித்துவிடுவது நல்லது.

தணிக்கைச் சான்றிதழ் இதில் ஓரளவுக்கே துணை வரும். முன்பு யு/ஏ என்றால் 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கலாம் என்ற ஒற்றைக் கோடுதான். 2023-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் உங்கள் பிள்ளை எந்த ஊர்க் கிணற்றை நினைத்துக்கொண்டு படம் பார்க்கிறது என்பது தணிக்கை வாரியத்துக்குத் தெரியாது. அதனால் முதலில் நாம் தனியாகப் பார்ப்பதே மேல். மழலைக்காகப் பார்க்கிறோம் என்றால் சத்தத்தை அணைத்துவிட்டு, முகங்களையும் உருவங்களையும் மட்டும் பார்க்கலாம். பெரிய பிள்ளை என்றால் ‘இது நமக்கும் நடக்குமா?’ என்ற கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்கிறதா என்று யோசிக்கலாம்.

என்னிடம் அந்தப் பதில் தாமதமாகத்தான் வந்தது. தெருக்கோடியில் தண்ணீர் வற்றிப்போன பழைய போர்வெல் ஒன்று உண்டு. ஒரு வாரமாகப் பெரியவன் அந்தப் பக்கம் சைக்கிள் விடவில்லை என்பதை அக்காதான் கவனித்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். குழாய்க்கு இரும்பு மூடி போட்டிருந்தது. அவன் குனிந்து, அதை இரண்டு கையாலும் திருகிப் பார்த்தான். அசையவில்லை. இன்னொரு முறை திருகிவிட்டு எழுந்தான்.

“டைட்டாத்தான் இருக்கு, சித்தி.”

திரும்பும்போது சைக்கிளில் முன்னால் போய்விட்டான்.