எழுதியவர் கல்கி, முகம் கொடுத்தவர் மணியம்!

ஆண்டிமடத்தில் பஸ் ஏறி, ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள், கோவில் சிற்பங்களைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். அந்த நகைகளும் கொண்டைகளும் எங்கோ பார்த்தவை போலத் தோன்றும். 'பொன்னியின் செல்வன்' படங்களில் பார்த்தவைதான்!

கோவிலைக் கட்டியவன் ராஜேந்திர சோழன். அவன் தந்தை ராஜராஜனின் இளமைக் கதையே அந்த நாவல். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வாரப் பத்திரிகையில் வந்தது. எழுதியவர் ஆசிரியர் கல்கி. படம் போட்டவர் மணியம்.

கதைக்காக ஊர் ஊராகச் சுற்றிய கல்கி, மணியத்தையும் கூடவே அழைத்துச் சென்றார். இருவரும் இலங்கைக்கும் போய் வந்தார்கள். எழுத்தாளர் கண்டதை ஓவியரும் கண்டார்.

நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை. குந்தவைக்கோ கிரீடம் போன்ற கொண்டை. இப்படிக் கல்கி எழுதினார், மணியம் வரைந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட, படத்தைப் பார்த்ததும் இன்னார் என்று சொல்லிவிடலாம்.

ரஷ்யாவிலும் இத்தகைய நட்பு உண்டு. 1887-ல் ஓவியர் ரெபின், எழுத்தாளர் டால்ஸ்டாயின் ஊருக்குப் போனார். பிரபுவான டால்ஸ்டாய் ஏர் உழுவதைப் படமாகத் தீட்டினார். ஆனால் ரெபின் வரைந்தது கண்ணெதிரே நின்ற எழுத்தாளரை. மணியம் வரைந்ததோ எழுத்தாளரின் மனத்தில் இருந்தவர்களை. அதுவல்லவா கடினம்!

நாவல் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார். மணியம் 1968-ல் மறைந்தார். அவருடைய மகன் மணியம் செல்வனும் தூரிகை பிடித்தார்.