நிலமும் பொழுதும்: கடற்கரை ஊரைப் பதிந்துவைக்க ஏற்ற கமரா எது?

தமிழரின் வாழ்வுக்குப் பொருளிலக்கணம் வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். எந்நிகழ்ச்சியும் ஓரிடத்தில் ஒரு காலத்தில் நிகழ்வதாகலின், ஏனைய பொருள்கள் யாவும் இவ்விரண்டையும் பற்றியே நிற்கின்றன. கமராவைப் பற்றிய கட்டுரையில் தொல்காப்பியருக்கு என்ன வேலை என அன்பர் வினவலாம். நிழற்படக் கமரா நிலத்தை நுணுக்கமாகப் பற்றிக்கொண்டு பொழுதை ஒரு கணமாகச் சுருக்கிவிடுகிறது. சினிமாக் கமராவோ பொழுதை ஓடவிட்டுப் பிடிக்கிறது. அதற்கு விலையாக நிலத்தின் நுணுக்கத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்பவர், தம் பொருளின் உயிர் நிலத்தில் உள்ளதா பொழுதில் உள்ளதா என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை மிகப் பொருத்தமான களமாகும். சிலாபத்தை அடுத்து முன்னேசுவரம். அதற்கு வடக்கே உடப்பு. இன்னும் வடக்கே கற்பிட்டிக் குடாநாடு. உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆண்டு விழா 18 நாள் நடைபெற்றுத் தீமிதிப்பில் நிறைவெய்துகிறது. அவ்வூர் மீனவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் பெயர் பெற்றது. ஆயின், உழவு இயந்திரத்தின் சுழலி கயிற்றை இழுக்கத் தொடங்கிய கரைகளில் பாட்டுக்குத் தேவை குறைந்துவிடும். பல கைகள் ஒருசேர இழுப்பதற்காகப் பிறந்த பாட்டு, கைகள் விலகியதும் நாவிலிருந்தும் விலகும். இத்தகைய செல்வங்களைப் பதிந்துவைக்க ஒரு பாடசாலையோ பழைய மாணவர் கூட்டமோ முன்வருகிறதென்க. கையிலுள்ள பணமோ ஒரு கருவிக்கே போதும். எதனை வாங்குவது?

முன்னர் இவ்வினாவுக்கு விடை எளிது. ஒன்று படம் பிடிக்கும், மற்றையது படம் ஓட்டும். 2008ஆம் ஆண்டில் நிக்கோன் டி90, கேனன் 5டி மார்க் 2 ஆகிய நிழற்படக் கமராக்கள் சலனப்படமும் எடுக்கத் தொடங்கியதும் எல்லைக்கோடு மங்கலாயிற்று. 2011இல் கேனன் நிறுவனம் சி300 என்னும் சினிமாக் கமராவை வெளியிட்டது; அது நிழற்படக் கமராவின் வில்லைகளையே ஏற்றது. இன்று இரு இனத்துக்கும் உணரியும் வில்லையும் ஏறத்தாழ ஒன்றே. எனவே வேற்றுமையை அவற்றின் பெயரிற் காணலாகாது. வேலையிலேயே காணல் வேண்டும். அவ்வேற்றுமைகள் நான்கு.

முதலாவது, கணத்தின் அளவு. கற்பிட்டிக் கடலில் நவம்பர் முதல் ஏப்பிரல் வரை சுழல் ஓங்கில்கள் கூட்டங்கூட்டமாய்த் தோன்றும். நீரினின்று எழும் ஓங்கில் ஒரே பாய்ச்சலில் ஏழு முறை வரை தன்னைத்தானே சுழற்றவல்லது. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்திற் செல்லும் உடல் 1/50 செக்கனில் 10 சென்ரிமீற்றர் நகரும். 1/2000 செக்கனில் இரண்டரை மில்லிமீற்றரே நகரும். முன்னதிற் படம் கலங்கும்; பின்னதில் முதுகுத்துடுப்பின் விளிம்பிலுள்ள சிறு வெட்டும் தெளிவாகத் தெரியும். ஓங்கில்களை அவ்வெட்டுக்களாலும், திமிங்கிலங்களை வாலின் விளிம்பாலும் ஆராய்ச்சியாளர் தனித்தனியே இனங்காண்கின்றனர்.

சலனப்படத்துக்கோ 1/50 செக்கனே பொருந்தும். செக்கனுக்கு 25 சட்டங்கள் ஓடும்போது ஒவ்வொரு சட்டத்திலும் சிறிது கலக்கம் இருந்தாற்றான் கண்ணுக்கு அசைவு இயல்பாய்த் தோன்றும். கணத்தை மிகக் குறைத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். மேலும் இலங்கை மின்னோட்டம் 50 சுழற்சியுடையதாகலின் மின்விளக்குகள் செக்கனுக்கு 100 முறை துடிப்பன. 1/50 செக்கனில் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்குவதால் கோயில் விளக்குகள் படத்தில் மினுமினுக்கா. எனவே, "வீடியோ எடுத்துவிட்டு வேண்டிய சட்டத்தை நிழற்படமாக வெட்டிக்கொள்ளலாம்" என்போர் கூற்று அசையும் பொருளைப் பொறுத்தவரை பிழையாம்.

இரண்டாவது, ஒளி. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறனில் 1/100 செக்கனும் எஃப் 16 துவாரமும் பொருந்தும் என்பது பழைய நிழற்படக்காரர் கணக்கு. சினிமாக் கமராக்கள் பலவற்றின் அடிப்படை உணர்திறன் 800. அதனுடன் 1/50 செக்கனைச் சேர்த்தால் துவாரம் எஃப் 64 ஆகச் சுருங்க வேண்டும். வழக்கமான கமரா வில்லைகளில் அது கிடையாது. துவாரத்தை எஃப் 5.6இல் வைக்க விரும்பினால் ஒளியை 128இல் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி வேண்டும். சோனி எஃப்.எக்ஸ்.6 போன்ற சினிமாக் கமராவில் இத்தகைய வடிகட்டி உள்ளேயே அமைந்து, ஒரு சில்லைத் திருப்பியதும் நாலில் ஒரு பங்கிலிருந்து 128இல் ஒரு பங்கு வரை மாறும். நிழற்படக் கமராவில் அதனை வில்லையின் முன்னே திருகிப் பூட்டவேண்டும். மணலும் உப்புக்காற்றும் வீசும் கரையில் இஃது எத்துணைத் தொல்லை என்பது செய்து பார்த்தார்க்கே விளங்கும்.

மூன்றாவது, நுணுக்கம். நாலாயிரக் கோட்டுச் சலனப்படத்தின் ஒரு சட்டம் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். உயர்ந்த நிழற்படக் கமராக்களில் 450 இலட்சம் புள்ளிகள் உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் முன்னது 13 அங்குல அகலமும் பின்னது 27 அங்குல அகலமும் பெறும். கண்காட்சிக்கும் நூலுக்கும் இவ்வேறுபாடு பெரிது. முன்னேசுவரத்தில் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் 15ஆம் நூற்றாண்டுச் சாசனம் உண்டு. இத்தகைய கல்லெழுத்தைப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, கமராவை முக்காலியில் நிறுத்தி நிழற்படம் எடுத்தாற்றான் தேய்ந்த எழுத்தின் விளிம்பு நிழலிட்டுத் தெரியும். இவ்வேலையிற் சினிமாக் கமரா அதற்கு நிகராகாது.

நான்காவது, ஒலியும் நீட்சியும். ஈண்டு நம் நாட்டு வரலாறே ஆசானாக நிற்கிறது. 1934இல் பசில் ரைட் இலங்கையில் எடுத்த "சோங் ஒவ் சிலோன்" என்னும் விவரணப் படம் உலகப் புகழ் பெற்றது. அதன் வர்ணனைக் குரல், நிழற்படக் கலையில் ஒப்பற்று விளங்கிய லயனல் வென்ட் (1900–1944) அவர்களுடையது. காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. ஒலியோ பின்னர் இங்கிலாந்தில் அமைக்கப்பட்டது. கலைப்படைப்பாக அதற்கு இதனால் இழுக்கில்லை. ஆயின் ஓர் ஊரின் ஆவணத்துக்கு இம்முறை பொருந்தாது; அம்பாப் பாட்டைக் கரையிலேயே, கயிறு இழுபடும் அப்பொழுதிலேயே பிடித்தல் வேண்டும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடுவர். பாட்டின் வேகம் இழுவையின் பளுவோடு மாறும். முதற்குரலுக்கு ஓர் ஒலிவாங்கியும் கூட்டத்துக்கு ஓர் ஒலிவாங்கியும் வைத்து, இரண்டையும் தனித்தனித் தடத்திற் பதியவேண்டும். சினிமாக் கமராவில் இதற்குரிய பூட்டுள்ள எக்ஸ்.எல்.ஆர். துளைகளும் ஒலியளவுச் சில்லுகளும் உடலிலேயே உள. நிழற்படக் கமராவிலோ இவற்றைத் தனியே வாங்கிப் பொருத்தவேண்டும்.

நீட்சியும் அவ்வாறே. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை வீடியோக் கருவி எனக் கொண்டு ஐரோப்பிய ஒன்றியம் சுங்கவரி விதித்ததால், நிழற்படக் கமராக்கள் பல 29 நிமிடம் 59 செக்கனில் நின்றுவிடுமாறு செய்யப்பட்டன. வெப்பம் வேறொரு தடை: 2020இல் வெளிவந்த கேனன் ஆர்5, அதன் மிக நுணுக்கமான வீடியோவை 23 பாகை வெப்பத்தில் 20 நிமிடமே பதியும் என அந்நிறுவனமே அறிவித்தது. புத்தளத்து நண்பகல் 23 பாகையில் நிற்பதன்று. காற்றாடி பொருத்திய சினிமாக் கமராவோ மின்கலமும் நினைவட்டையும் உள்ளவரை ஓடும்.

இரண்டையும் ஒன்றாக்கிய கருவிகளும் உள. 2022இல் வந்த கேனன் ஆர்5 சி அத்தகையது. காற்றாடியும் உண்டு, 450 இலட்சம் புள்ளி நிழற்படமும் உண்டு. ஆயின் சினிமாப் பக்கத்தில் மின்கலம் விரைவில் தீரும். உள்ளமைந்த ஒளிவடிகட்டியும் இல்லை. இரு வேலையும் ஒருவரே மாறி மாறிச் செய்யவேண்டிய இடத்து அது நன்று.

வாங்குவோர் மறந்துவிடும் செலவு ஒன்றுண்டு. செக்கனுக்கு 250 மெகாபிற் வீதம் பதியும் சலனப்படம் மணிக்கு ஏறத்தாழ 112 கிகாபைற் இடம் கொள்ளும். 18 நாள் விழாவை நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் பதிந்தால் 6 ரெராபைற். ஒரு படி கெட்டாலும் மறுபடி நிற்கவேண்டுமாகலின் 12 ரெராபைற். நாளொன்றுக்கு ஆயிரம் நிழற்படம் எடுப்பினும் அவ்விழா முழுவதும் ஒரு ரெராபைற்றைத் தாண்டாது. காப்பதற்கு வழியில்லாதவர் பதிவதிற் பயனில்லை.

இனி முடிவு கூறுவோம். கடலுயிர் ஆராய்வோர்க்கும், கண்காட்சியும் நூலும் ஆக்குவோர்க்கும், சாசனமும் சிற்பமும் படியெடுப்போர்க்கும் நிழற்படக் கமராவே உரியது. உடப்பு போன்ற ஊரின் தொழிலையும் பாட்டையும் விழாவையும் காக்க விரும்புவோர், ஒன்றே வாங்க இயலுமெனின், சினிமாக் கமராவையே வாங்குக. அதனோடு நல்ல ஒலிவாங்கியும் காற்றுத்தடுப்பும் வாங்குக. ஆலயத்தாரின் இசைவும் பாடுவோரின் இசைவும் பெற்ற பின்னரே அதனைத் திறக்க.

இதற்குக் காரணம் சினிமாக் கமராவின் உயர்வன்று. கல்லிற் பொறித்த எழுத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. மற்றொரு கமரா வாங்கும் வரை இன்னும் சில ஆண்டு காத்து நிற்கும். அடியெடுத்துக் கொடுக்கும் முதியவரின் குரல் அவ்வாறு காத்திராது. முதலில் இழக்கப்போவது எதுவோ அதனையே முதலிற் பதிதல் வேண்டும்.