இரவற் சிறகும் சொந்தச் சட்டையும்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், பேராதனையைக் கடந்ததும் வருவது கெலிஓயா. மகாவலியின் ஈரக்காற்றும் சொல்லாமல் வந்து நிற்கும் மழையும் அவ்வூரின் இயல்பு. ஆசிரிய நியமனம் பெற்ற இளைஞர் ஒருவர், முதல் நாட் பணிக்கென ஒரு சட்டை தைப்பிக்க அங்குள்ள தையற்கடைக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம்.

“காலர் எப்படி வேண்டும், தம்பி? கைக்கு எத்தனை பொத்தான்? பை ஒன்றா, இரண்டா?” என்று அளவு நாடாவைத் தோளில் இட்ட முதியவர் வினவுகிறார்.

“வழக்கம்போலத் தையுங்கள், நானா” என்று கூறிவிட்டு இளைஞர் படியிறங்குகிறார்.

நம்மிற் பெரும்பாலோர் சொல்லும் விடை இதுவே. ஆனால், அது யாருடைய வழக்கம்?

இவ்வினா இம்மலைநாட்டிற்குப் புதியதன்று. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரும் பின்னாளில் உலகம் போற்றிய கலை ஆய்வாளருமான ஆனந்த குமாரசுவாமி, 1905ஆம் ஆண்டிற் கண்டியில் ஆங்கிலச் சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். ‘இரவற் சிறகுகள்’ என்று பொருள்படுவது அதன் தலைப்பு. நம் மக்கள் ஆராயாது ஐரோப்பிய உடையைப் பின்பற்றுவது அவர் உள்ளத்தை வருத்தியது.

அவர் வருந்தினார், சட்டையோ நிலைத்துவிட்டது. இன்று அதனைக் களைந்தெறிய எவரும் ஆயத்தமாக இல்லை. எனவே நமக்கு எஞ்சியிருப்பது ஒரு வழியே: இரவலாக வந்ததை ஆராய்ந்து, வேண்டுவதைக் கொண்டு, வேண்டாததைத் தள்ளி, நமதாக்கிக்கொள்வது. தையற்காரர் தொடுக்கும் வினாக்கள் யாவும் அவ்வாராய்ச்சிக்கு நம்மை அழைப்பவையே அன்றோ?

முதலிற் காலரை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் அது பெரும்பாலும் கழற்றிப் பூட்டும் தனித் துண்டாக இருந்தது. முதலில் அழுக்கேறுவது கழுத்தாதலால், அதை மட்டும் வெளுத்துக் கஞ்சியிட்டு விறைப்பாக்கிக்கொண்டனர். முதல் உலகப் போருக்குப் பின்னர், சட்டையோடு சேர்த்துத் தைத்த மென்மையான காலர் பரவலாயிற்று. விறைப்பின் காரணம் மறைந்தும், விறைப்பே கௌரவம் என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது. கழுத்துப்பட்டி அணியாது, ஈரக்காற்றில் நாள் முழுதும் நின்று பேசுபவருக்கு மென்மையான காலரே ஏற்றது.

காலரின் உள்ளே வைக்கும் துணியையும் கேட்டறிதல் வேண்டும். பசைத் துணியைச் சூட்டினால் ஒட்டுவது ஒரு முறை. பருத்தி உள்துணியை வைத்துத் தைப்பது மற்றொரு முறை. மட்டமாக ஒட்டியது, சில சலவைகளுக்குப் பின் கொப்புளம்போல் எழும்பும். பருத்தி உள்துணியையும் மேல்துணியையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்தாவிடின், பின்னர்ச் சுருங்கிக் கழுத்தை நெரிக்கும். பொத்தானிட்ட காலருக்குள் இரு விரல்கள் எளிதில் நுழைவதே நல்ல அளவு. வட்ட முகத்துக்குச் சற்று நீண்ட முனைகளும், ஒடுங்கிய முகத்துக்கு அகன்று விரியும் முனைகளும் பொருந்துமென்பது தையற்காரர் அனுபவம்.

அடுத்தது, வாங்குபவர் கேட்க மறக்கும் இடம்: கை வந்து உடலோடு இணையும் அக்குள் வளைவு. அது தாழ்ந்திருந்தால் வசதி என்று பலர் நினைப்பர். உண்மை நேர்மாறானது. வளைவு தாழ்ந்த சட்டையில், கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையை உயர்த்தியதும் சட்டை முழுவதும் மேலெழுந்து இடுப்பை விட்டு வெளிவரும்; பின்வரிசை மாணவர் நகைப்பர். உடலை இறுக்காத அளவிற்கு வளைவை உயர்த்தி வெட்டினால், கை மட்டும் எழும். சட்டை தன்னிடத்தில் நிற்கும். தோட்பட்டைக்குக் கீழே முதுகில் இடும் மடிப்புகளும் இவ்வசைவிற்கு உதவுவன. அவை வெறும் அலங்காரமல்ல.

கையின் நீளம் மணிக்கட்டு எலும்பை எட்டினாற் போதும். கைப்பட்டியில் அருகருகே இரு பொத்தான்கள் வைத்தால், வேண்டியவாறு இறுக்கவும் தளர்த்தவும் இயலும். சுண்ணக்கட்டித் தூளுக்கு அஞ்சி மடித்துவிடுவதும் எளிது. பேனா வைப்பவருக்கு மார்பில் ஒரு பை போதும். பயனற்ற இரண்டாவது பை துணிக்கும் சுமை, சலவைக்கும் சுமை.

இத்துணைச் சிரமம் எதற்கு, ஆயத்த ஆடை இருக்கிறதே என்று கேட்கலாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரும், 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளை அமைக்கும் அரசுத் திட்டம் தொடங்கிய பின்னரும், இலங்கையின் பெண்கள் தைத்த சட்டைகள் உலகெங்கும் செல்கின்றன. அவர்தம் கைத்திறனில் குறையில்லை. ஆனால் தொழிற்சாலை, கழுத்தளவைக் கொண்டு மார்பையும் கையையும் ஊகித்தே வெட்ட வேண்டும். ஒரு தோள் சற்றே தாழ்ந்தவரை அது அறியாது. தையற்காரரின் நாடா அறியும். எனினும், அணிபவரின் தொழிலையும் பழக்கத்தையும் அவர் வாய்திறந்து சொன்னாலன்றி நாடாவும் அறியாது.

வினாக்களுக்கு விடை கூறுவோர் குறையக் குறைய, வினவும் முதியவரும் ஒருநாள் வினவுவதை நிறுத்திவிடுவார். பின்னர், அடுத்திருக்கும் தையற்கடையிலும் தொழிற்சாலைச் சட்டையே கிடைக்கும், சற்று மிகுந்த விலைக்கு.

ஆதலின் நம் இளைஞர் படியேறித் திரும்பிச் செல்லட்டும். “நானா, நான் கரும்பலகையில் எழுதுபவன்” என்ற ஒரு வாக்கியத்தோடு தொடங்கட்டும். எஞ்சியதை அம்முதியவர் அறிவார். ‘ஏன்’ என்று கேட்கும்படி நாளெல்லாம் மாணவர்க்குப் போதிக்கப் போகின்றவர், அவ்வினாவை முதலில் தம் சட்டையிடம் கேட்பது பொருத்தமானதே.