மாதவிடாய் நிற்குங் காலமும் எலும்பின் கல்சியமும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் விற்கப்படும் முருங்கையிலையும் குரக்கனும் கமக்காரர் விளைவித்தனவே. அவற்றை வாங்குவோருள் ஐம்பது வயதையண்டிய பெண்களும் பலராவர். அவ்வயதிலே இவ்விளைபொருள்கள் அவர்களுக்கும், விளைவித்தவர் வீட்டுப் பெண்களுக்கும் ஏன் வேண்டுமென்பது அறியத்தக்கது.

உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிதளவே. எனினும் இதயம் துடிப்பதற்கும் தசைகள் இயங்குவதற்கும் அச்சிறிதளவு குறையாதிருத்தல் வேண்டும். ஆகவே 100 மில்லிலீற்றர் இரத்தநீரில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்னும் அளவை உடல் விடாது காத்து வருகின்றது. இதனைக் குளமும் வாய்க்காலும் போலக் கருதலாம். வாய்க்காலில் நீர் குறைந்ததும் துருசு திறக்கப்படுகின்றது. வாய்க்கால் நிறைந்தே தோன்றும், குளமோ வற்றிக்கொண்டே போகும். எலும்பே அக்குளம். துருசைத் திறப்பன கழுத்திலுள்ள அரிசிமணியளவான நான்கு சுரப்பிகள்.

சூலகத்திற் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் எலும்பு அளவுக்கு மிஞ்சிக் கரையாது தடுத்து வருவது. ஏறத்தாழ 50 வயதில் மாதவிடாய் நிற்க, அச்சுரப்புங் குறைந்து, அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து தேய்கின்றது. அறுவைச் சிகிச்சையாற் சூலகங்கள் இரண்டும் இளவயதிலே அகற்றப்பட்டோர்க்கு இந்நிலை முன்னரே வரும். அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைற் 1940களில் இத்தொடர்பை எடுத்துக்காட்டினார். தேய்வு நோவின்றி நிகழ்வதால், வரம்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும்போதே பலர் அதனை அறிகின்றனர். இரத்தத்திற் கல்சியம் சரியாயுள்ளதென்று பரிசோதனை கூறினும் எலும்பு உறுதியாயுள்ளதென்பது பொருளன்று. எலும்பின் அடர்த்தியை எக்ஸ்-கதிர்க் கருவியால் தனியே அளத்தல் வேண்டும்.

இவ்வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டுமென்பர். தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே உண்டு. குரக்கன் 100 கிராமிலோ 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. முருங்கையிலையும் அத்தகையதே. குரக்கனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு மூன்று வேளையும் சோறுண்ணும் வீடுகள் இதனைக் கருதுதல் நன்று. முள்ளோடு உண்ணப்படும் நெத்தலி, எள்ளு, பால், தயிர் ஆகியனவும் உதவும். எல்லாக் கீரையும் ஒன்றல்ல. பசளியிலுள்ள ஒட்சாலிக்கமிலம் கல்சியத்தைப் பிணித்துக் குடலில் உறிஞ்சவிடாது தடுக்கும். கருவாட்டின் உப்பு மிகுந்தாற் சிறுநீருடன் கல்சியம் கழியும்.

உண்ட கல்சியம் உடலிற் சேர விற்றமின் டி வேண்டும். அதனைத் தோலில் உண்டாக்குவது வெயில். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அடைந்து வாழும் பெண்களுக்கு இது அரிதாகலாம். நாற்று நடும் பெண்ணுக்கோ வெயிலுக்குக் குறைவில்லை. அவளுக்குக் குறைவது பெரும்பாலும் உணவிலேயே. பாரம் தூக்குதல், நடத்தல் ஆகியவை எலும்பை வலுப்படுத்துவன.

கல்சிய மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொள்ளல் தகாது. சிறுநீரகக் கல்லுடையோரும், வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோயுடையோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அவற்றை எடுத்தல் வேண்டும்.