அக்னி வெயிலில் பச்சை உடம்புக்காரிக்கு என்ன சமைக்கலாம்?

மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் 28-ம் தேதி வாக்கில்தான் விடைபெறும். வேலூர், திருத்தணி பக்கமெல்லாம் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் நாள்கள் இவை. பிள்ளை பெற்ற வீட்டிலோ சமையலறை இன்னும் ஒரு பங்கு கூடுதலாகக் கொதிக்கும். ஓர் அடுப்பில் பூண்டுக் குழம்பு, இன்னொன்றில் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர். ஜன்னல் சாத்திய அறையில் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்தபடி பால் கொடுத்துக்கொண்டிருப்பாள் புதுத் தாய்.

தாகமாக இருக்கிறது என்றால் அரை டம்ளர் வெந்நீர் வரும். இன்னும் கொஞ்சம் கேட்டால், ‘நிறைய தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்டி, தையலும் ஆறாது’ என்று பதில் வரும். சொல்பவர் அம்மாவோ மாமியாரோ, அக்கறையில்தான் சொல்கிறார். அதனாலேயே அந்தப் பெண்ணால் எதிர்த்துப் பேசவும் முடிவதில்லை.

பத்தியத்தில் பாதி பலம்

பத்தியச் சாப்பாட்டை ஒட்டுமொத்தமாகப் பழசு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. எண்ணெய் குறைவு, காரத்துக்கு மிளகு, சூடாகச் சமைத்து உடனே பரிமாறுவது, கீரை, பருப்பு, முட்டை, சின்ன மீன், ஒரு ஸ்பூன் நெய்... இப்படி ஒரு தட்டைப் பார்த்தால் எந்த ஊட்டச்சத்து நிபுணரும் சந்தோஷப்படுவார். பிரசவத்தில் ரத்தம் இழந்த உடம்புக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் தேவைதான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளை பெற்றவளைக் கவனித்துச் சாப்பிட வைக்கும் வழக்கம் நமக்கு இருப்பது நல்ல விஷயமே.

சிக்கல், அந்தத் தட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘கூடாது’ பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் கூடாது, மோர் கூடாது, பழம் கூடாது, பூசணி வகைக் காய் கூடாது. மார்கழியில் இதைக் கடைப்பிடித்தால்கூட எப்படியோ ஓட்டிவிடலாம். சித்திரை வெயிலில் முடியாது.

கணக்கு எளிது. பால் நன்றாக ஊறத் தொடங்கிய பிறகு, ஒரு தாய் தினமும் சராசரியாக முக்கால் லிட்டர் பால் கொடுக்கிறாள். அதில் 87 சதவிகிதம் தண்ணீர். இது போக, வியர்வையில் போவது தனி. இவ்வளவும் வெளியேறும் உடம்புக்குள் அரை அரை டம்ளராக ஊற்றினால் தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் என்று வரிசையாக வரும். தமிழ்நாட்டில் சுமார் 45 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். வயிற்றில் தையலோடு இருப்பவளுக்கு மலச்சிக்கல் என்றால் என்ன வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் குடிப்பதால் தையல் ஆறாமல் போகாது, தொப்பையும் போடாது. விரிந்த கர்ப்பப்பை சுருங்கவே சுமார் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வயிறு பெரிதாகத் தெரிவது இயல்பு.

அதற்காக லிட்டர் கணக்கில் வலிந்து குடிக்கவும் வேண்டாம். அதிகம் குடித்தால் அதிகம் பால் சுரக்கும் என்பதும் உண்மையல்ல. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், மற்ற நேரத்தில் தாகத்துக்கு. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்ற பாட்டி வைத்தியத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அளவை மட்டும் கூட்டினால் சரி.

குழந்தைக்குத் தாகம் எடுக்காதா?

கோடையில் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. வெயில் ஏறினால் குழந்தை அடிக்கடி பாலுக்கு அழும். இரண்டு நிமிடம் குடிக்கும், விட்டுவிடும். அரை மணி நேரத்தில் மறுபடி அழும். பார்க்கிறவர்கள், ‘பால் பத்தலை போல’ என்பார்கள். அடுத்த நிமிடம் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் வரும், அல்லது கடைக்கு ஆள் போய் டின் பவுடர் வரும். உண்மையில் குழந்தை தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அடிக்கடி குடிக்கிறது.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடைக்காலத்துக்கும் அதே விதிதான். சங்கில் கொடுக்கும் தண்ணீர் அந்தக் குட்டி வயிற்றை நிரப்பிவிடும். பால் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். ‘பால் பத்தலை’ என்று பயந்து கொடுத்த தண்ணீரே, பாலைப் பத்தாமல் செய்துவிடும். தண்ணீரோ சங்கோ சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு வேறு.

பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள அழுகையை அளவுகோலாக வைக்க வேண்டாம். முதல் வாரத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உடம்பு சுட்டாலோ, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கோடைக்கேற்ற பத்தியம்

பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் தினமும் 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. வெயிலில் ஒரே மூச்சாகச் சாப்பிட முடியாது என்பதால், ஐந்தாறு தடவையாகப் பிரித்துச் சாப்பிடுவது வசதி.

காலையில் இட்லியோடு கறிவேப்பிலைத் துவையல். பதினோரு மணிக்குக் கேழ்வரகுக் கூழில் மோர் கரைத்து ஒரு பெரிய டம்ளர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால் கொடுப்பவளுக்கு அது தங்கம். மதியம் சோறு, கூட்டு, கீரை, முட்டை அல்லது மீன். மாலையில் இளநீரோ பழமோ சுண்டலோ. இரவு சீக்கிரமே ரசம் சாதம்.

மோர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். அம்மா எதைச் சாப்பிட்டாலும் தாய்ப்பால் உடம்பின் சூட்டிலேயே வருகிறது. சளியைக் கொண்டுவருவது கிருமி. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, ஒரு சிட்டிகை சுக்குத்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துக் கொடுக்கலாம். சுக்கு போட்ட மோர் என்றால் பாட்டிகளும் பாதி சமாதானம் ஆகிவிடுவார்கள்!

மதியக் கூட்டுக்குச் சுரைக்காய் அருமை. அரை கப் பாசிப்பருப்பு, இரண்டு கப் நறுக்கிய சுரைக்காய், பத்துப் பல் பூண்டு, மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் இரண்டு விசில். இரண்டு ஸ்பூன் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் மிளகு அரைத்து ஊற்றி ஒரு கொதி, நெய்யில் கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. நறுக்கும்போதே ஒரு துண்டு சுவைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அது விஷம். பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளைப் பூசணியும் இதே பக்குவம்தான்.

மாம்பழமும் சாப்பிடலாம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளட்டும். கருப்பட்டி சேர்த்த பிரசவ லேகியத்துக்கும் அதே எச்சரிக்கை.

அசைவ வீடுகளில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பால் ஊற சுறாப்புட்டு என்பது நம் ஊர் நம்பிக்கை. ஆனால், சின்ன மீன்களைத் தின்று வளரும் சுறாவின் உடம்பில் பாதரசம் சேர்கிறது. பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய மீன்கள் பட்டியலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சுறாவை வைத்திருக்கிறது. மத்தி, நெத்திலி போதும். விலையும் குறைவு. புட்டு ஆசைக்கு மத்தியை வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, பூண்டு மிளகோடு வதக்கினால் ருசியில் குறை தெரியாது.

அடுப்படியில் நிற்பது யார்?

இவ்வளவையும் சமைப்பது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. அக்னி நட்சத்திரத்தில் அடுப்பின் முன் நிற்கும் அவருக்கும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும். காலை எட்டு மணிக்குள் மதியச் சமையலை முடித்து, மிஞ்சியதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டும்போது நன்றாகக் கொதிக்கச் சூடு பண்ணலாம். கோடையில் வெளியே வைத்த குழம்பு இரண்டு மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். கணவருக்கும் இங்கே வேலை இருக்கிறது: காய் நறுக்குவது, மீன் சுத்தம் பண்ணுவது, ராத்திரி மனைவி எழுந்து பால் கொடுக்கும்போது சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. ‘டாக்டர் நிறைய தண்ணி குடிக்கச் சொன்னார் அத்தை’ என்ற வாக்கியத்தை மருமகன் சொன்னால் வீட்டில் சீக்கிரம் எடுபடுகிறது என்பதும் நிஜம்.

பிரசவத்துக்குப் பிறகு 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காபி, டீயும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு அங்கன்வாடியில் சத்துமாவும் கிடைக்கிறது.

சித்திரையில் பிறந்த குழந்தைக்கு ஐப்பசியில் ஆறு மாதம் நிறையும். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். முதல் வாய்க் கேழ்வரகுக் கூழோடு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு ஸ்பூன் அப்போது கொடுக்கலாம்.