இது யார் குரல்?

எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒரு ஜேசுதாஸ் பாட்டு பாடினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மேனேஜரே எழுந்து வந்து, ‘‘கண்ணை மூடிக்கிட்டா ஜேசுதாஸேதான்யா!’’ என்றார். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த மிதப்போடு சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாட்டு வாத்தியார் இருக்கிறார். எட்டாம் கிளாஸ் படிக்கும்போது எனக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுத்தவர். ஜண்டை வரிசையோடு பாட்டு நின்றுபோனது. (நிறுத்தியது நான்தான்; அவர் இல்லை!)

திண்ணையில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடிக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

‘‘நல்லாயிருக்கு. ஆனா இது யார் குரல்?’’

‘‘ஜேசுதாஸ் மாதிரி, சார்...’’

‘‘அவர் குரல் அவர்கிட்டயே பத்திரமா இருக்கு. உன்னோடதை எங்கடா வெச்சுட்டு வந்தே?’’

அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு எப்படிக் கேட்பார்? 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, ரமணர் வாய் திறக்காமல் எழுதிக் காட்டிய பதில்கள்தானே பிற்பாடு ‘நான் யார்?’ என்று புத்தகமானது!

என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து வாத்தியார் எம்.டி.ராமநாதன் கதையை எடுத்தார்.

பாலக்காட்டுப் பக்கம் 1923-இல் பிறந்தவர் ராமநாதன். பௌதிகம் படித்த பட்டதாரி. பேசாமல் ஒரு உத்தியோகத்தில் உட்கார்ந்திருக்கலாம். சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பாட்டு கற்றுக்கொண்டார். டைகருக்கு இனிமையான சாரீரம் கிடையாது. ஆனால் கற்பனை கரைபுரளும். சிஷ்யருக்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். மற்றவர்கள் எக்ஸ்பிரஸ் வேகத்தில் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் மாட்டு வண்டி வேகத்தில் போனார். கேலிக்குக் குறைவில்லை. அதற்காக அவர் சுருதியை ஏற்றவும் இல்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை.

குரு பக்தி இல்லாதவரா? தாம் இயற்றிய பாட்டுகளில் ‘வரததாஸ’ என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தவர்! 1950-இல் டைகர் மறைந்தார். ராமநாதன் அதே கலாக்ஷேத்ராவில் பல வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தார். 1974-இல் பத்மஸ்ரீ வந்தது. ‘சங்கீத கலாநிதி’ கடைசி வரை வரவில்லை. 1984-இல் காலமானார். இன்றைக்கு அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

நம் பாஷையில் சொன்னால், கணக்கு எழுத சீனியரிடம் கற்றுக்கொள்ளலாம். கையெழுத்தையும் அவர் மாதிரியே போட்டால் அதற்குப் பெயர் ஃபோர்ஜரி!

‘‘கத்துக்கறவன் மட்டுமில்லைடா, சொல்லிக் கொடுக்கறவனும் தப்பு பண்ணுவான்’’ என்றார் வாத்தியார். குரல் இறங்கியிருந்தது.

அவரிடம் ஒரு பெண் படித்தாளாம். ஆண் பிள்ளை மாதிரி கனத்த குரல். பத்துப் பெண்களோடு சேர்த்து அவளையும் ஐந்து கட்டையில் பாட வைத்திருக்கிறார். ஒரே சுருதி என்றால் ஒரே நேரத்தில் கிளாஸை முடித்துவிடலாமே! ஒரு வருஷத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. ‘எனக்குப் பாட்டு வராது சார்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

‘‘அவளுக்குப் பாட்டு வரும்டா. எனக்குத்தான் பொறுமை வரலை. என் சௌகரியத்துக்கு ஒரு குழந்தையோட குரலைக் கெடுத்துட்டேன்.’’

அதற்குப் பிறகு யார் சேர்ந்தாலும் முதலில் அவர்களுடைய சுருதியைத்தான் கண்டுபிடிக்கிறார். தனித்தனியாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார். வருமானம் பாதியாகிவிட்டது. ‘இரண்டு மாசத்துல டி.வி. போட்டிக்கு ரெடி பண்ணிடுங்க’ என்று வருகிற பெற்றோரைக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார். திண்ணைக்கு மேலே ஓடு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

சுருதிப் பெட்டியைப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, ‘‘இப்ப ‘ஸா’ பிடி’’ என்றார்.

பிடித்தேன். கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் தொண்டையில் இழுப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்தது.

‘‘ம்... இப்பதான் வந்து சேர்ந்திருக்கே’’ என்றார்.

அடுத்த ஆண்டு விழாவில் இந்தக் குரலில்தான் பாடப் போகிறேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்க வேண்டிய அவசியம் இருக்காது. தூக்கத்தில் மூடினால், அதற்கு நான் பொறுப்பில்லை!