ஏற்றமும் எண்களும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் கூடைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் மீன்பாடி வண்டியை வடசென்னை மாணவர் அனைவரும் அறிவர். சமதரையில் விரைந்து மிதித்துச் செல்பவர், மேம்பாலத்தின் ஏற்றம் வந்ததும் இறங்கித் தள்ளத் தொடங்குவார். அவருடைய கால்களின் வலிமை அந்த ஒரு நொடியில் குறைந்துவிடவில்லை. அவ்வண்டியின் சங்கிலியும் பற்சக்கரமும் சமதரைக்கென அமைந்தவை. ஏற்றத்திற்கென அமைந்தவை அல்ல. மின்மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் கலையில் பாதி இக்காட்சியில் அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் ரோபோ போட்டிக்குச் சென்றபோது, பொறுப்பாசிரியராக நானும் உடன் சென்றேன். தமிழாசிரியருக்கு அங்கென்ன வேலை என்று கேட்கலாம். அன்று வேறு ஆசிரியர் கிடைக்கவில்லை என்பதே உண்மை. அவர்கள் செய்த ரோபோவின் நிறை 10 கிலோகிராம். அது 30 பாகைச் சரிவில் ஏறவேண்டும். 12 வோல்ட்டில் இயங்கும் இரு மோட்டார்களை ரிச்சி தெருவில் வாங்கிப் பொருத்தியிருந்தனர். வேகம் நிமிடத்திற்கு 300 சுற்று, திருப்பு விசை 15 கிலோகிராம்-சென்டிமீட்டர் என்பன அவற்றின் விவரங்கள்.

மாணவர்கள் கணக்குப் போடாமல் வாங்கவில்லை. சரிவில் ரோபோவைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 10 × 9.8 × ½, அதாவது 49 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர். ஆகவே தேவைப்படும் திருப்பு விசை 2.45 நியூட்டன் மீட்டர். இரு மோட்டார்களும் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு 1.225 நியூட்டன் மீட்டர். கடைக்காரர் பயன்படுத்தும் அலகில் சொன்னால் 12.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். தேவை 12.5, கையில் இருப்பதோ 15. போதும் என்றே எவருக்கும் தோன்றும்.

களத்தில் ரோபோ சரிவின் பாதிவரை ஊர்ந்து சென்று நின்றது. சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் நாற்றம் எழுந்தது. “கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் ஐயா, இது போலி மோட்டார்” என்றான் அணித்தலைவன். மோட்டார் போலி அன்று. விவரத்தாளில் இருந்த எண்ணும் பொய் அன்று. அந்த எண்ணை அவர்கள் படித்த விதமே தவறாக இருந்தது.

மோட்டார் விவரத்தாளில் நான்கு எண்களைத் தேடவேண்டும். எச்சுமையும் இன்றிச் சுழலும்போது உள்ள சுமையற்ற வேகம் முதலாவது. அச்சைச் சுழலவிடாமல் இறுகப் பிடித்து நிறுத்தும்போது அது தரும் விசையாகிய நின்றநிலைத் திருப்பு விசை இரண்டாவது. அந்நிலையில் பாயும் நின்றநிலை மின்னோட்டமும், சுமையின்றிச் சுழலும்போது பாயும் சிறிய மின்னோட்டமும் மற்ற இரண்டு. 300 சுற்று என்பது மோட்டார் எந்த வேலையும் செய்யாத நிலையின் எண். 15 என்பது மோட்டார் சிறிதும் நகராத நிலையின் எண். இவை ஒரே நேரத்தில் ஒருபோதும் நிகழா. ஆனால் விற்பனை அட்டையில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். ஒரே பொருளின் இரு குணங்கள் ஒருங்கே கிடைப்பன போலத் தோன்றும்.

நிலைக்காந்த நேர்மின்னோட்ட மோட்டாரில் இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட உறவு ஏறத்தாழ ஒரு நேர்கோடு. சுமை கூடக்கூட வேகம் அதே விகிதத்தில் குறையும், மின்னோட்டம் கூடும். நம் மாணவர்களின் மோட்டார், தன் உச்ச விசையாகிய 15-இல் 12.5-ஐத் தாங்கவேண்டியிருந்தது. ஆறில் ஐந்து பங்கு விசை போய்விட்டதால், ஆறில் ஒரு பங்கு வேகமே மிஞ்சியது: நிமிடத்திற்கு 50 சுற்று. நின்றநிலை மின்னோட்டம் 7.5 ஆம்பியர் எனக் கொண்டால், அப்போது பாய்ந்தது ஏறத்தாழ 6.25 ஆம்பியர். மோட்டார் பெற்ற மின்திறன் 75 வாட். ரோபோவை ஏற்றப் பயன்பட்டது 6.4 வாட். எஞ்சிய 68 வாட்டுக்கு மேற்பட்ட திறன் முழுவதும் சூடாக மாறிக் கம்பிச்சுருளிலும் பற்சக்கரப் பெட்டியிலும் தங்கியது. வார்னிஷ் கருகியதில் வியப்பென்ன?

இதற்குமேல் இன்னொன்றும் நடந்தது. மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் இறங்கும். அது 12 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கினால், நின்றநிலைத் திருப்பு விசையும் அதே விகிதத்தில் 15-இலிருந்து 12.5-க்கு இறங்கிவிடும். தேவையும் அதே 12.5. ரோபோ சரிவின் நடுவில் நின்றதன் காரணம் இதுவே.

அப்படியானால் பெரிய மோட்டார் வாங்கவேண்டுமா? வேண்டியதில்லை. அதே மோட்டாரை மும்மடங்கு கூடுதல் பற்சக்கரக் குறைப்புடன் வாங்கலாம். அதன் அட்டையில் வேகம் 100 சுற்று என்றிருக்கும். பற்சக்கர உராய்வின் இழப்புப் போகத் திருப்பு விசை 40 என்று கொள்வோம். இப்போது 12.5 என்னும் சுமை உச்சத்தில் 31 விழுக்காடு மட்டுமே. வேகத்தில் 69 விழுக்காடு மிஞ்சுகிறது. அதாவது நிமிடத்திற்கு 69 சுற்று. அட்டையில் 300 எனப் போட்ட மோட்டார் 50 சுற்றில் தள்ளாடிய அதே ஏற்றத்தில், 100 எனப் போட்ட மோட்டார் 69 சுற்றில் ஏறுகிறது. இழுக்கும் மின்னோட்டமும் 2.3 ஆம்பியர் அளவே. சமதரையில் இது பின்தங்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. எண்ணூர் அசோக் லேலண்டு ஆலையிலிருந்து வெளிவரும் லாரி, சுமையுடன் ஏற்றத்தில் முதல் கியரில் செல்வதும் இதே கணக்குத்தான்.

மோட்டாரின் உச்சத்திறன் சுமையற்ற வேகத்தில் பாதியிலும், திருப்பு விசையில் பாதியிலும் கிடைக்கிறது. எனவே இரண்டையும் பெருக்கி நான்கால் வகுத்தால் உச்சத்திறன் தெரியும். வேகத்தை மட்டும் நொடிக்கு ரேடியன் அலகிற்கு மாற்றிக்கொள்ளவேண்டும். 1992 முதல் அமெரிக்காவில் நடைபெற்றுவரும் ‘பர்ஸ்ட்’ பள்ளி ரோபோ போட்டியில் பலரும் கையாண்ட இரு 12 வோல்ட் மோட்டார்களை இம்முறையில் ஒப்பிட்டுப் பார்ப்போம். ‘சிம்’ என்னும் மோட்டாருக்குச் சுமையற்ற வேகம் 5,310 சுற்று. நின்றநிலைத் திருப்பு விசை 2.42 நியூட்டன் மீட்டர். ‘775 புரோ’ என்பதற்கு முறையே 18,730 சுற்று, 0.71 நியூட்டன் மீட்டர். முதல் பார்வையில் ஒன்று வலியது, மற்றது விரைவானது. ஆனால் பெருக்கி வகுத்தால் முன்னது ஏறத்தாழ 337 வாட், பின்னது 347 வாட். ஏறக்குறையச் சமம். உரிய பற்சக்கரத்தைப் பூட்டினால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்.

அப்படியெனில் எடை குறைந்ததை வாங்கிவிடலாமா? சிம் மோட்டாரின் நிறை 1.27 கிலோகிராம், 775 புரோவின் நிறை 0.36 கிலோகிராம். போட்டிகளில் ரோபோவின் எடைக்கு வரம்பு உண்டாதலால் சிறியதன்மேல் ஆசை எழுவது இயல்பு. ஆனால் நின்றநிலையில் இரண்டும் 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன. ஏறத்தாழ 1,600 வாட் சூடு பிறக்கிறது. அவ்வளவு சூட்டையும் ஒன்று 1.27 கிலோகிராம் உலோகத்தில் பரப்பிக்கொள்கிறது. மற்றதற்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலும் சிறியது தன் உள்விசிறியால் குளிர்வது; சுழற்சி நின்றால் காற்றும் நின்றுவிடும். எனவே ஓயாது சுழலும் உறுப்புக்குச் சிறியதும், எதிரணி ரோபோவோடு முட்டி நிற்கும் சக்கரத்திற்குப் பெரியதும் பொருந்தும் என்பதே என் துணிபு. இவ்வேறுபாட்டைத் திறன் என்னும் ஒற்றை எண் காட்டாது.

மேற்கண்ட நேர்கோட்டு விதி எல்லா மோட்டார்களுக்கும் பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். சென்னையில் 1895-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்சார ரயில் ஓடியது. இத்தகைய வண்டிகளில் பொதுவாகப் பயன்பட்டது தொடர்ச்சுற்று மோட்டார். அதில் காந்தத்தை உண்டாக்கும் சுருளிலும் அதே மின்னோட்டம் பாய்வதால், புறப்படும்போது மிகுந்த விசை கிடைக்கும். சுமையே இல்லாவிடில் கட்டுக்கடங்காத வேகம் எடுக்கும் குறையும் அதற்கு உண்டு.

பல கடைகளின் அட்டைகளில் நின்றநிலை மின்னோட்டம் அச்சாகியிருப்பதில்லை. அதற்காக மோட்டாரை எரித்துப் பார்க்கவேண்டியதில்லை. பல்லளவியைக் கொண்டு மோட்டார் முனைகளுக்கு இடையே உள்ள மின்தடையை, அச்சைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சில முறை அளந்து, மின்னழுத்தத்தை அதனால் வகுத்தால் போதும். தடை 1.6 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். பள்ளி திரும்பிய மறுநாள், கருகாமல் எஞ்சிய மோட்டாரில் நம் மாணவர்கள் பெற்ற விடை அதுதான். அணித்தலைவன் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் தங்கள் மின்கலம் தரக்கூடிய உச்ச மின்னோட்டத்தையும் எழுதினான். இரண்டு மோட்டார்களுக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். அடுத்த ஆண்டு அவர்கள் வாங்கியது 100 சுற்று மோட்டார்.